நாற்பத்தேழும் நூற்றுப்பன்னிரண்டும்

கிர்கிஸ்தானின் தோக்மோக் சந்தையில் சைராகுலிடம் சென்ட் வாங்கப் போவது வம்பை விலைக்கு வாங்குவது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் மறுவாரம் அவள் கடை முன்னால் வந்து நிற்பார்கள். அந்த வரிசையில் நான்கு சென்ட் கடைகள். மற்ற மூன்றிலும் எதைத் தெளித்துக்கொண்டாலும் உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது என்பார்கள். சைராகுல் மணிக்கட்டை இழுத்து முகர்ந்து பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், இதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் வீட்டில் யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

ஐம்பத்து நான்கு வயது. குச்சி மாதிரி உடம்பு. அவள் அலமாரி நிறைய அலுமினியக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். பாரிசில் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது அவளுக்குத் தேவையில்லாத சங்கதி. கண்ணாடி ஊசிக்குழாயால் உறிஞ்சி, கேட்ட அளவுக்குச் சின்னச் சீசாவில் இறக்கி, ஸ்பிரிட் கலந்து குலுக்கி மூடித் தருவாள். ஊரில் பழச்சாறு ஆலை ஓடிய காலத்தில் அதன் பரிசோதனைக்கூடத்தில் எட்டு வருஷம் இருந்தவள். பீப்பாயின் மூடியருகே மூக்கை வைத்தாலே உள்ளே ஆப்பிள் கூழ் புளித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஆலையை மூடினார்கள். மூக்கை மூட முடியவில்லை.

வாயும் அப்படித்தான். ஒருமுறை சந்தை மேலாளர் அவள் கடையைக் கழிவறைப் பக்கம் மாற்றப் பார்த்தார். அவள் ஒன்றும் கத்தவில்லை. தினமும் அவருடைய அறைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையோடு கொண்டுபோன ரொட்டியைத் தின்றாள். மூன்றாம் நாள் அவரே வந்து கடை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். நாத்தனாரோடு பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு தட்டு போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு. தனக்கு வைத்த தட்டு மற்றவர்களுடையதைவிடச் சின்னது என்று அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. தன்னை யாராவது ஒரு பிடி குறைத்து அளந்தால் அவளுக்குப் பொறுக்காது. இதை அவள் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரேயடியாகக் குறைத்து அளக்கப்பட்டவள் அதற்குப் பிறகு தராசைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள்.

குறைத்து அளந்தவன் மைராம்பெக், அவள் புருஷன். வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன். பிஷ்கேக்கில் பெரிய வேலை ஒன்றைப் பிடித்தான், கூடவே எல்சாதா என்ற ஒருத்தியையும் பிடித்துக்கொண்டான். அப்போது மகள் செசிமுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு ஆனதும் தலைநகரில் நல்ல பள்ளியில் சேர்க்கிறேன், என்னிடம் அனுப்பு என்று கேட்டான். சைராகுல் ஒரு வாரம் தூங்காமல் யோசித்து அனுப்பினாள். படிக்கத்தான் அனுப்பினாள், தாரை வார்த்துக் கொடுக்கவில்லை. முதலில் சனிக்கிழமைதோறும் வந்த பெண், பிறகு மாதம் ஒருமுறை வந்தாள், பிறகு போனில் மட்டும் வந்தாள். இப்போது பல் மருத்துவர். வசந்தத்தில் போன் செய்து, கொச்கோரில் நல்ல குடும்பம், பையனை எனக்குப் பிடித்திருக்கிறது, அவர்கள் வீட்டிலிருந்து வருவார்கள், எப்போது என்று நானே சொல்கிறேன் என்றாள்.

அன்றிலிருந்து சைராகுல் காத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுக்கு வந்து பெண்ணுக்குக் கம்மல் போடுவாள். போட்ட கையோடு பெண்ணைப் பெற்றவளுக்குத் தோளில் சாப்பான் அங்கி போர்த்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டுவாள். கியித் என்பது அதுதான். அதை உடுத்தப்பட்டவள்தான் ஊர் அறியச் சம்பந்தி. புருஷன் போன அன்று சைராகுலின் தோளிலிருந்து இறங்கிய மரியாதை அந்த அங்கியோடுதான் திரும்ப ஏற வேண்டும். அதற்காக ஒரு கிடாயை வாங்கிக் கட்டியிருந்தாள். பதினொரு மெத்தை தைத்து அடுக்கியிருந்தாள். எதிர்க்கடையில் காலுறை விற்கும் பூபுஷ் தினமும் காலையில் பூட்டைத் திறக்கும்போதே, "என்ன சைராகுல், சம்பந்திங்க வந்தாச்சா?" என்று கேட்பாள். பதில் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. ஊரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று சைராகுலும் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம், பெரிய உடம்பும் பட்டுத் தலைத்துணியுமாக ஒரு பெண்மணி வந்து, கேட்காமலே ஒரு குப்பியின் மூடியைத் திருகினாள்.

"கையை எடுங்க. நான் எடுத்துத் தர்றேன்."

"பார்த்தா தேஞ்சா போயிடும்?"

"பாக்கறது கண்ணு. நீங்க விரலை விடறீங்க."

தான் ரிஸ்கான் என்றும், முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து துணைத் தலைமை ஆசிரியையாக ஓய்வுபெற்றவள் என்றும், தன்னிடம் இதுவரை இப்படி யாரும் பேசியதில்லை என்றும் அந்தப் பெண்மணி சொன்னாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். தன்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் குறையை முன்பே தீர்த்து வைத்திருப்பேனே என்றாள் சைராகுல். இரண்டு பேருக்கும் பார்த்த நொடியே ஆகவில்லை. இருந்தும் ரிஸ்கான் நகரவில்லை. பழவாசமும் பூவாசமும் கலந்ததாக, நாகரிகமாக ஒன்று வேண்டும் என்றாள்.

சைராகுல் இரண்டை எடுத்து வைத்தாள். நூற்றுப்பன்னிரண்டு, ராஸ்பெர்ரியும் ரோஜாவும். நாற்பத்தேழு, ஆப்ரிகாட்டும் மல்லிகையும். காகிதத் துண்டில் தொட்டு நீட்டினாள். ரிஸ்கான் நூற்றுப்பன்னிரண்டை முகர்ந்ததும் முகம் மலர்ந்தாள். நாற்பத்தேழை முகர்ந்துவிட்டு இதில் ஒன்றுமே இல்லையே என்றாள்.

இருக்கிறது, ஆனால் அவசரக்காரர்களுக்குத் தெரியாது என்றாள் சைராகுல். நூற்றுப்பன்னிரண்டு வாசலிலேயே சிரித்துக்கொண்டு வரவேற்கும், ஒரு மணி நேரத்தில் தோலில் புளித்துப்போகும். நாற்பத்தேழு வந்ததும் பேசாது. ஆனால் பழவாசம் அடங்கியதும் மல்லிகை எழுந்திருக்கும், மறுநாள் காலையிலும் சட்டைக் காலரில் இருக்கும். அதன் விலை இரண்டு மடங்கு.

"அதானே பார்த்தேன். விலை கூடினதைத் தள்ளிவிடறதுக்கு இவ்வளவு பாட்டா?"

"எனக்கென்ன, புளிச்சதையே வாங்கிட்டுப் போங்க. போடப்போறது உங்க சம்பந்தி, நானா?"

சம்பந்திக்கு என்று தான் சொல்லவே இல்லையே என்று ரிஸ்கான் முறைத்தாள். இந்த வயதில் இந்தத் தலைத்துணியோடு வந்து சென்டுக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் வேறு யாருக்கு வாங்குவார்கள் என்றாள் சைராகுல். காகிதம் மாற்றி, மணிக்கட்டு மாற்றி, நடுவில் மூக்கு தெளியச் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கையை முகர்ந்து, இருபது நிமிஷம் சண்டை போட்டார்கள். பூபுஷ் தன் வாடிக்கைக்காரர்களை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். கடைசியில் ரிஸ்கான் இரண்டையுமே ஊற்றச் சொன்னாள். கொடுக்க வேண்டியது இரண்டு பேருக்கு. நாற்பத்தேழு சம்பந்தியம்மாவுக்கு, நூற்றுப்பன்னிரண்டு இன்னொருத்திக்கு. அந்த இன்னொருத்தி யாரோ ஒரு சித்தி, அவளுக்கு இது போதும்.

சைராகுல் நாற்பத்தேழை உறிஞ்சிச் சீசாவில் இறக்க ஆரம்பித்தாள். தான் கஞ்சப்பிசினாறி இல்லை என்று காட்டிவிடும் வேகத்தில் ரிஸ்கான் பேச்சை வளர்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் பிஷ்கேக்கில் கம்மல் போட்டார்களாம். சம்பந்தியம்மாவுக்கு வெல்வெட் சாப்பான், பொன்சரிகை வைத்தது. அந்தம்மா கையைத் தொட்டால் வெண்ணெயைத் தொட்ட மாதிரி இருந்ததாம். சம்பந்தி மைராம்பெக், வீடு கட்டித் தருகிறவர். பெண் பல் மருத்துவர், செசிம் என்று பெயர்.

சீசா நிரம்பி வழிந்து சைராகுலின் விரல்களில் ஓடியது. ஊசிக்குழாயை எடுத்த இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற நினைவுதான் வந்தது. இவர்கள் வந்தால் போடுவதற்கென்று மெத்தை உறைகளைத் துவைத்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஈரத்துணிகள் வரிசையாகக் கொடியில் தொங்கியது கண்முன்னே வந்தது.  அழுதுவிடுவோமோ என்ற பயம் வந்த பிறகுதான், காப்பாற்ற வந்த மாதிரி, கோபம் வந்தது.

"அந்தச் சித்தி யாரு?" என்று கேட்டாள்.

பெண் தரப்பில் உடுத்த வேண்டியவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முறைப்படி கேட்டபோது, தோக்மோக்கில் ஒரு சித்தி இருக்கிறார், பன்னிரண்டு வயதுவரை அவர்தான் வளர்த்தார் என்று பெண் சொன்னாளாம். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாளாம். நல்ல பெண், நன்றி மறக்காதவள் என்று ரிஸ்கான் பாராட்டினாள்.

ரிஸ்கானைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சம்பந்தம் பேசப்போன வீட்டில், நீங்கள்தான் பெற்றவளா என்று ஒருத்தியைக் கேட்க முடியுமா? கேட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. சமோவார் பக்கம் உட்கார்ந்து தேநீர் ஊற்றுகிறவள் எவளோ அவள்தான் தாய். அவள் தோளில்தான் சாப்பானைப் போடுவார்கள். போட்டதைத் திரும்ப எடுப்பது இல்லை. எல்சாதா அங்கே உட்கார்ந்திருந்தாள், ஊற்றினாள், வாங்கிக்கொண்டாள். மைராம்பெக் பார்த்துக்கொண்டிருந்தான். செசிமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைராகுல் விரல்களைத் துடைத்துக்கொண்டு, நூற்றுப்பன்னிரண்டையும் இன்னொரு சீசாவில் இறக்கி மூடினாள். சித்திக்கு இந்த இரண்டில் எது பிடிக்கும் என்று மருமகளையே கேட்டுவிடுங்களேன், வளர்த்தவளாயிற்றே, அவள் மனம் கோணக்கூடாது என்றாள். அவள் குரல் அவ்வளவு மரியாதையாக மாறியதில் பூபுஷுக்கே சந்தேகம் வந்தது. ரிஸ்கானுக்கு வரவில்லை. போனை எடுத்து, கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்து, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

மணி நாலைந்து முறை அடித்தது. செசிம் எடுத்து மரியாதையாக நலம் விசாரித்தாள். ரிஸ்கான் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு சென்ட் பார்த்திருக்கிறேன், ஒன்று உசத்தி, ஒன்று சுமார், உன் சித்திக்குச் சுமாரானதைக் கொடுத்தால் பரவாயில்லையா?

"எதைக் குடுத்தாலும் பரவாயில்லை அத்தை. சித்தி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்வேன்," என்றாள் சைராகுல்.

 சைராகுல் மேஜை மேல் குனிந்து, போனுக்கு நேராக வாயை வைத்துப் பேசினாள்.

"செசிம், நான் உனக்கு என்னைக்குடி சித்தி ஆனேன்? பெத்தவ யாரு, அந்த வெண்ணெய்க் கைக்காரியா? பதினாறு மணி நேரம் வலியில துடிச்சது யாரு, நானா அவளா? சொல்லு. உன் மாமியார் கேட்டுட்டு நிக்கிறாங்க."

"அம்மா," என்றாள் செசிம். பிறகு மிகவும் மெதுவாக, "இப்ப வேண்டாம்மா," என்றாள். போன் துண்டிக்கப்பட்டது.

எத்தனை மாதம் ஏங்கிய சொல் அது. வந்தது, ஆனால் வாயைப் பொத்துவதற்காக வந்தது. சைராகுலுக்கு அந்தச் சொல் இனித்ததா கசந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. கசப்புத்தான் அதிகம் என்று பிறகு பூபுஷிடம் சொன்னாள்.

ரிஸ்கான் போனைப் பார்த்தாள், சைராகுலைப் பார்த்தாள். உட்கார இடம் தேடினாள். சைராகுல் முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள், கையால் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஊர் முழுக்கப் பார்க்க என்னை முட்டாளாக்கிட்டாங்க," என்றாள் ரிஸ்கான். "முப்பத்தஞ்சு வருஷம் புள்ளைங்களைப் பார்த்தவ நான். பொய் சொன்னா நெத்தியில எழுதியிருக்கும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை கண்ணாடியை மறந்து வச்சுட்டுப் போனீங்களா?"

"பொய் சொல்ற மருமக எனக்கு வேண்டாம். கம்மலைத் திருப்பி வாங்கிடுவேன்."

பூபுஷ் கையிலிருந்த காலுறைக் கட்டைக் கீழே வைத்தாள். போட்ட கம்மலைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த பெண்ணின் கதை என்ன ஆகும் என்று அந்தச் சந்தையில் தெரியாதவர்கள் இல்லை. சைராகுலுக்கும் தெரியும். அவள் வாயைத் திறந்ததனால்தான் இந்த நிலைமை. இரண்டு நிமிஷம் முன்பு வாயை மூடிக்கொண்டிருந்தால் மகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க," என்றாள். "புருஷன் விட்டுட்டுப் போனவ, சந்தையில சென்ட் ஊத்தி விக்கிறவ, அவ பொண்ணுன்னு சொல்லியிருந்தா நீங்க கம்மலை எடுத்துட்டு வந்திருப்பீங்களா?"

ரிஸ்கானிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப அவ பொய் சொன்னது யாருக்காக? உங்க மாதிரி ஆளுங்களுக்காகத்தான். பொய் சொன்னதுக்கு அவளை நான் அடிப்பேன், திட்டுவேன், அது எங்க விவகாரம். நீங்க அவ காதுல கை வைக்கக்கூடாது."

ரிஸ்கானின் கழுத்து சிவந்தது. எழுந்தாள். போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள், நாற்பத்தேழாம் எண் சீசாவை எடுத்து சைராகுல் பக்கம் நீட்டினாள். தப்பான தோளில் அங்கியைப் போட்டுவிட்டோம் என்ற பயம் அவளுக்கு. பெற்றவளை வெறுங்கையோடு விட்டுப்போனால் அந்தப் பாவம் பேரன் பேத்திவரை தொடரும் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். மற்றபடி அவள் பார்வையில் அன்பு ஒரு துளியும் இல்லை.

"பிடிங்க. இது பெத்தவளுக்குன்னு வாங்கினது."

"வழியில வச்சு வாங்கிக்க நான் பிச்சைக்காரி இல்லை," என்றாள் சைராகுல். "உடுத்தறதா இருந்தா என் வீட்டுல, என் கூரைக்குக் கீழ வந்து உடுத்துங்க. என் பொண்ணை முன்னால விட்டுக் கூட்டிட்டு வாங்க. அவ வாயால என்னை யாருன்னு உங்களுக்குச் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா அவ உங்க மருமக மட்டும்தான். எனக்குப் பொண்ணே இல்லைன்னு நினைச்சுக்கறேன். கம்மல் மட்டும் அவ காதுலயே இருக்கட்டும்."

ரிஸ்கான் பையைத் திறந்தாள். இரண்டு சீசாக்களையும் உள்ளே போட்டாள். நூற்றுப்பன்னிரண்டை அந்த வெண்ணெய்க் கைக்கு அனுப்புகிறேன், அதுவும் புளிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பூபுஷ் பூட்டைத் திறந்தபோது ஒன்றும் கேட்கவில்லை.

சைராகுல் அடுத்த மூன்று நாளும் வாடிக்கைக்காரர்களிடம் ஏறி விழுந்தாள். மகளுக்குப் போன் செய்யவில்லை, மகளும் செய்யவில்லை. கிடாயை அறுக்கவா விற்கவா என்று அண்டை வீட்டுக்காரர் கேட்டபோது, அது பாட்டுக்குத் தின்னட்டும் என்றாள். இரவெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் எழுந்ததும் மகளைத் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. ரிஸ்கான் பையோடு இறங்கினாள். கூட மூன்று பெண்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவர்களுக்கு முன்னால் செசிம், வெள்ளைத் தலைத்துணி கட்டி, காதில் புதுக் கம்மலோடு. முகம் வீங்கியிருந்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன.

சைராகுல் கதவைப் பாதி திறந்து, நிலையில் கையை ஊன்றி நின்றாள். மகள் இளைத்துப் போயிருப்பதைப் பார்த்தாள். கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பு துடித்தது. கையை எடுக்கவில்லை.

"அம்மா," என்றாள் செசிம், தரையைப் பார்த்து.

"உன் மாமியாருக்குக் கேக்கல."

செசிம் தலையை நிமிர்த்தினாள். திரும்பி ரிஸ்கானைப் பார்த்து, "இவங்கதான் எங்கம்மா," என்றாள்.

"தெருவுக்குக் கேக்கல."

ரிஸ்கானின் கூட வந்த ஒருத்தி இதென்ன அநியாயம் என்று முணுமுணுத்தாள். ரிஸ்கான் அவளை முழங்கையால் இடித்தாள். செசிம் அழுதுகொண்டே, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, உரக்கச் சொன்னாள். குரல் உடைந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சைராகுலுக்கு மனம் ஆறவில்லை. இன்றைக்கு ஆறாது, கல்யாணத்துக்கும் ஆறாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஆறாமலே நிலையிலிருந்து கையை எடுத்து, கதவை முழுதாகத் திறந்தாள்.